மாடு டாக்டரிடம் போன கதை: பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான ஆங்கில வினாத்தாளின் வடிவத்தை வகுக்கும் குழுவினருக்கும், ஆண்டுதோறும் அந்த வடிவத்துக்குள் வினாக்களை எடுத்துத் தரும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியையாக ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள்; எல்லாரும் தமிழ் வழியில் ஒன்பதும் பத்தும் படிப்பவர்கள். கட்டணம் வாங்குவதில்லை என்பதாலும், எந்தத் தேதிக்குள் எந்தப் பாடத்தை முடித்தீர்கள் என்று என்னை இப்போது யாரும் கேட்பதில்லை என்பதாலும், பணியில் இருந்தபோது செய்ய வாய்க்காத ஒன்றை நிதானமாகச் செய்ய முடிகிறது. ஒரு பிள்ளை ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அதன் கண் எந்த வரியிலிருந்து எந்த வரிக்குத் தாவுகிறது, கை எதை எடுத்து எழுதுகிறது என்று கவனிக்கிறேன். கவனித்ததைத் தங்களிடம் சொல்லி, வினாத்தாளில் ஒரு மாற்றத்தைக் கேட்கவே இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் நானே எழுதிய எட்டு வரிப் பத்தி ஒன்றைக் கொடுத்தேன். சந்தையில் மாட்டை விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு தன் முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்க்கப் போன ஒருவரைப் பற்றியது அது. அதில் ஒரு வரி, 'த மேன் ஹூ சோல்ட் த கவ் வென்ட் டு த டாக்டர்' என்றிருந்தது. கீழே கேள்வி, 'ஹூ வென்ட் டு த டாக்டர்?' திண்ணையில் நன்றாகப் படிப்பவள் என்று பெயரெடுத்த பெண் எழுதிய விடை, 'த கவ் வென்ட் டு த டாக்டர்'. எழுத்துப் பிழை இல்லை, முற்றுப்புள்ளிகூடச் சரியாக இருந்தது. மாடு எப்படி டாக்டரிடம் போகும் என்று கேட்டேன். "மாட்டுக்குத்தான் டீச்சர் உடம்பு சரியில்லாமப் போயிருக்கும், அதனாலதான் வித்திருக்காங்க" என்றாள். வீட்டில் கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் சொன்ன அந்தக் காரணத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அவள் கதையைப் படித்துவிட்டு அந்த முடிவுக்கு வரவில்லை. விடையை எழுதிவிட்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு கதையைப் பிறகு உண்டாக்கினாள். கேள்வியில் இருந்த 'வென்ட் டு த டாக்டர்' என்ற சொற்களைப் பத்தியில் தேடிக் கண்டுபிடித்து, அவற்றுக்கு முன்னால் ஒட்டி நின்ற பெயர் எதுவோ அதை எடுத்துக்கொண்டாள். ஒட்டி நின்றது மாடு.

இதே பெண்ணின் இலக்கண நோட்டைப் புரட்டினால், ஆளுக்கு 'ஹூ', பொருளுக்கு 'விச்', இடத்துக்கு 'வேர்' என்று கோடிட்ட இடங்களைப் பத்துக்குப் பத்து நிரப்பியிருக்கிறாள். அந்த 'ஹூ'வுக்கும் இந்த 'ஹூ'வுக்கும் உறவு உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லாதவர்களில் நானும் ஒருத்தி. திருப்புதல் தேர்வுக் காலங்களில் மெல்லக் கற்கும் மாணவர்களைத் தனியே உட்காரவைத்து நான் பாடம் நடத்திய முறையை இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். கேள்வியில் உள்ள பெரிய சொல்லை அடிக்கோடிடு. அதே சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறதென்று தேடு. அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. ஒன்றும் புரியாவிட்டாலும் இடத்தைக் காலியாக விடாதே. அந்த முறையைக் கொண்டு எட்டு மதிப்பெண்ணில் ஆறு வாங்கிய பிள்ளைகள் பலர், 35ஐத் தொட்டுத் தேர்ச்சியும் பெற்றார்கள். எனக்குத் தேர்ச்சி விழுக்காடு முக்கியமாக இருந்தது, அவர்களுக்குச் சான்றிதழ் முக்கியமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பிற்பாடு வேலைக்கான படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்து, இதில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று படித்துச் சொல்லும்படி கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

இந்த முறை எவ்வளவு எளிதில் பலிக்கும் என்பதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். 'சேமலன் கொமிட்டில் மிறுக்கினான்' என்று ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள். சேமலன் யார், கொமிட்டு எது, மிறுக்குவது என்ன தொழில் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இவை எல்லாம் நான் இட்டுக்கட்டிய சொற்கள். ஆனாலும் 'சேமலன் எங்கே மிறுக்கினான்?' என்று கேட்டால் கொமிட்டில் என்றும், 'கொமிட்டில் மிறுக்கியவன் யார்?' என்று கேட்டால் சேமலன் என்றும் தாங்கள் விடை சொல்லி இரண்டு மதிப்பெண் பெற்றுவிடலாம். ஒன்றும் விளங்காமலே முழு மதிப்பெண்.

இப்போது அதே வாக்கியத்தைக் கொஞ்சம் நீட்டுகிறேன்: 'கொமிட்டில் மிறுக்கிய சேமலனைக் கண்ட மாழினி சிளுக்கினாள்.' சிளுக்கியது யார்? மாழினி என்று உடனே சொல்லிவிட்டீர்கள். எப்படி? 'சேமலனை' என்பதில் உள்ள ஐ உருபும், 'கண்ட' என்ற பெயரெச்சமும், 'சிளுக்கினாள்' என்பதன் பெண்பால் விகுதியும் தங்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போயின. சொற்பொருள் தெரியாத இடத்திலும் இலக்கணம் வழிகாட்டியது. படித்துப் புரிந்துகொள்வது என்ற வேலையில் இலக்கணத்துக்கு இருக்கும் பங்கு இதுதான். தமிழில் நம் பிள்ளைகளுக்கு இது மூச்சுவிடுவதைப் போல நடக்கிறது. ஆங்கிலத்தில் ஐ உருபு கிடையாது, ஆண்பால் பெண்பால் விகுதி கிடையாது. சொல் நிற்கும் இடமும் 'ஹூ' (who), 'தோ' (though), 'ஹாட்' (had) போன்ற சிறு சொற்களுமே அந்த வேலையைச் செய்கின்றன. அந்தச் சிறு சொற்களைத்தான் பிள்ளைகள் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

பிரதம் என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட, பிள்ளைகளின் கல்வி நிலை பற்றிய அசர் 2023 அறிக்கை, 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் நடத்திய ஆய்வில், ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காடு என்றும், அப்படிப் படித்தவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் 73.5 விழுக்காடு என்றும் கூறுகிறது. அதாவது வாய்விட்டுப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளில் நால்வரில் ஒருவருக்கு, தான் படித்தது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அங்கே கொடுக்கப்பட்டவை எளிய சிறு வாக்கியங்கள். பத்தாம் வகுப்புப் பத்தியில் வரும் வாக்கியங்கள் அவற்றைவிட மும்மடங்கு நீளமானவை.

இனி வினாத்தாளுக்கு வருகிறேன். 2019-20 கல்வியாண்டில் ஆங்கிலத்தின் இரண்டு தாள்களும் ஒரே தாளாக்கப்பட்டன. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கொரோனாவால் தேர்வே நடக்காமல் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டு, 2022 மே மாதத்தில்தான் பிள்ளைகள் முதன்முதலாக ஒற்றைத் தாளை எழுதினார்கள். புதிய வடிவத்தை ஆற அமர அசைபோட்டுப் பார்க்கும் காலம் தங்களுக்குத் தொடக்கத்தில் கிடைக்கவில்லை என்பதை நான் அறிவேன். அந்த வடிவத்தில் 23 முதல் 27 வரையிலான ஐந்து வினாக்கள் இலக்கணத்துக்கு உரியவை. செயப்பாட்டு வினை, நேர்கூற்று அயற்கூற்று, நிறுத்தற்குறி, வாக்கிய மாற்றம், கலைந்த சொற்களை ஒழுங்குபடுத்துதல் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்று வரும். அவற்றுள் மூன்றை எழுதி ஆறு மதிப்பெண் பெறலாம். பத்தியைப் படித்து விடை எழுதுவது கடைசி வினாவான 47இல், எட்டு மதிப்பெண்ணுக்கு, வருகிறது. இரண்டுக்கும் நடுவே கடிதம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுதல், மனப்பாடச் செய்யுள் என்று இருபது வினாக்களின் தூரம். பிள்ளையின் மனத்திலும் அதே தூரம்தான்.

இலக்கண வினாவின் ஒவ்வொரு வாக்கியமும் முன்னும் பின்னும் எதுவுமில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. யாரோ ஒருவர் ஒரு கடிதம் எழுதுகிறார். அதைத் திருப்பிப்போட்டு, 'பை ஹிம்' என்று வாலில் சேர்த்தால் இரண்டு மதிப்பெண். யார் எழுதினார், யாருக்கு, எப்போது, அதைத் திருப்பிச் சொல்ல வேண்டிய தேவை என்ன என்ற கேள்விகளுக்கே இடமில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் வாக்கிய மாற்றம் என்றால் என்னவென்று கேட்டுப்பாருங்கள். "சிம்பிள்னா இன்ஸ்பைட் ஆஃப், காம்ப்ளெக்ஸ்னா தோ, காம்பவுண்ட்னா பட்" என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். ஏழையாக இருந்தும் நேர்மையாக இருப்பவர் ஒருவர் அந்த மூன்று வாக்கியங்களிலும் ஆண்டாண்டு காலமாக வந்துபோகிறார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 'தோ' என்ற சொல்லைப் பத்தியில் கண்டவுடன், இதற்கு அடுத்த பாதி இதற்கு எதிராகப் போகும், எழுதியவர் சொல்ல வந்தது அங்கேதான் இருக்கிறது என்று மனம் நிமிர வேண்டுமே, அதை அவரால் ஒரு பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்க முடியவில்லை.

அயற்கூற்றை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் உண்மையாகவே தடுமாறும் இடம் அது. தமிழில் நமக்கு 'என்று' என்ற ஒரு சொல் போதும். 'நான் நாளைக்கு வருகிறேன் என்று முருகன் சொன்னான்' என்றால் முருகன் வாயிலிருந்து வந்தது வந்தபடியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலம் அப்படி விடாது. முருகனின் 'நான்' அங்கே 'அவன்' ஆகும், 'வில்' என்பது 'வுட்' ஆகும், 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆகும். இந்த மாற்றங்களின் பட்டியலைப் பிள்ளைகள் தலைகீழாகச் சொல்வார்கள். திண்ணையில் ஒரு பையனிடம், ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு வந்ததாகவும், 'ஹீ செட் தட் ஹீ வுட் கம் அகெய்ன் த நெக்ஸ்ட் டே' என்றும் வரும் பத்தி ஒன்றைக் கொடுத்து, ஆய்வாளர் மறுபடி வருவதாகச் சொன்னது என்றைக்கு என்று கேட்டேன். அவன் அதற்கு முந்தைய வாரம் அயற்கூற்றில் பத்து வாக்கியங்களைப் பிழையின்றி மாற்றியவன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "நாளைக்கு டீச்சர்" என்றான். எந்த நாளைக்கு? அவனுக்கு அது கேள்வியாகவே படவில்லை. புதன்கிழமை என்ற விடை அவன் நோட்டில் இருந்த பட்டியலுக்குள்தான் ஒளிந்திருந்தது.

இத்தனைக்கும் பாடநூல் நமக்குக் கை கொடுக்கிறது. பத்தாம் வகுப்பு ஆங்கில நூலின் முதல் பாடம், பறக்கப் பயந்து பாறை விளிம்பில் தனியே நிற்கும் கடற்பறவைக் குஞ்சின் கதை. அதன் உடன்பிறந்தவை எல்லாம் முந்தைய நாளே பறந்து போய்விட்டன என்ற செய்தியைக் கதாசிரியர் 'ஹாட் ஃப்ளோன்' என்ற வடிவத்தில் வைத்திருக்கிறார். கதை தொடங்கும்போதே மற்றவை போய்விட்டன, இது மட்டும் மிஞ்சி நிற்கிறது என்ற தனிமை முழுவதும் அந்த 'ஹாட்' என்ற ஓர் அசையில் இருக்கிறது. தமிழில் 'பறந்து போயிருந்தன' என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் தேர்வில் இந்தப் பாடத்திலிருந்து, குஞ்சு ஏன் பயந்தது, தாய் என்ன செய்தது என்று கேட்கப்படுகிறது. 'ஹாட்' எங்கோ வேறொரு வினாவில் அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கும் வினைச்சொல்லை மாற்றுவதற்கு மட்டும் பயன்படுகிறது.

மாட்டுக் கதைக்கு நான் கண்ட மருந்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணிடம், மாட்டை விற்ற மனிதர் மருத்துவரிடம் போனார் என்று தமிழில் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சொன்னாள். 'மாட்டை விற்ற' என்ற பகுதி தமிழில் மனிதருக்கு முன்னால் வருகிறது, ஆங்கிலத்தில் 'ஹூ' என்று தொடங்கி மனிதருக்குப் பின்னால் வருகிறது, அதனால்தான் மனிதருக்கும் 'போனார்' என்பதற்கும் நடுவில் மாடு வந்து படுத்துக்கொள்கிறது என்று காட்டினேன். பென்சிலால் 'ஹூ சோல்ட் த கவ்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, வட்டத்தை விட்டுவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொன்னேன். 'த மேன் வென்ட் டு த டாக்டர்.' அவள் சிரித்துவிட்டாள். அடுத்த நாள் தன் அறிவியல் புத்தகத்தில் அதே போன்ற மூன்று வாக்கியங்களுக்கு வட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள்; இரண்டு சரி. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசுவது குற்றம் போல நடத்தப்படும் பள்ளிகள் இன்னும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்: பெயரெச்சத்தைத் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்திருக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் இந்த வாக்கிய அமைப்பைப் பத்து நிமிடத்தில் விளங்கவைக்கலாம்.

இன்னொன்று. உர மூட்டைகளின் மேல் பெரிய எழுத்தில் 'யூஸ் நோ ஹூக்ஸ்' என்று அச்சடித்திருப்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் அந்த மூட்டைகள் காலியான பின் நெல் கட்டவும், வாசலில் மிதியடியாகப் போடவும் பயன்படுகின்றன. பிறந்ததிலிருந்து பார்க்கும் எழுத்து. பொருள் என்ன என்று கேட்டதற்கு, கொக்கியைப் பயன்படுத்த வேண்டும் என்று நால்வரில் மூவர் சொன்னார்கள். மூட்டையைக் கொக்கி போட்டுத் தூக்காதே, கிழிந்துவிடும் என்பதற்கு நேர் எதிரான பொருள். காரணம் எளிது. தமிழில் மறுப்பு என்பது வினைச்சொல்லில் இருக்கும்: பயன்படுத்தாதே, பயன்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் மறுப்பைப் பெயர்ச்சொல்லின் முதுகில் ஏற்றிவிடவும் முடியும். 'யூஸ்' என்று தொடங்கியதும் பிள்ளை கட்டளையைப் பிடித்துக்கொள்கிறது, 'நோ' என்பது அதன் கண்ணில் விழுவதே இல்லை. மருந்து அட்டையிலும் வங்கிப் படிவத்திலும் ஆளைக் கவிழ்க்கக்கூடிய இந்த இலக்கணம் எந்த வினாத்தாளிலும் வந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். 23ஆம் வினாவுக்கு முன்னால் ஆறு வரிப் பத்தி ஒன்றை அச்சிடுங்கள். 23 முதல் 27 வரையிலான ஐந்து வினாக்களும் அந்த ஆறு வரிகளைப் பற்றியே இருக்கட்டும். மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டாம், ஐந்தில் மூன்று என்ற வாய்ப்பையும் எடுக்க வேண்டாம். இப்போது கேட்கும் அதே இலக்கணப் பகுதிகளையே கேளுங்கள், ஆனால் பத்தியின் மேல் வைத்துக் கேளுங்கள். தலைமையாசிரியர் சொன்னதாகப் பத்தியில் வருவதை அவர் வாயால் சொன்னபடியே எழுதுக. அவர் குறிப்பிட்ட நாள் எது? மூன்றாம் வரியில் கதவு திறக்கப்பட்டிருந்தது என்கிறார் எழுதியவர்; திறந்தது யாரென்று பத்தியில் சொல்லப்பட்டிருக்கிறதா? ஐந்தாம் வரியில் உள்ள 'ஹாட் லெஃப்ட்' என்பதை 'லெஃப்ட்' என்று மாற்றினால் நிகழ்ச்சிகளின் வரிசையில் என்ன குழப்பம் வரும்? இப்படிப்பட்ட வினாவுக்கு வாய்ப்பாடு உதவாது, வரியைத் தேடி எடுத்து எழுதுவதும் உதவாது. இலக்கணத்தையும் படித்துப் புரிந்துகொள்வதையும் சேர்த்துப் பயன்படுத்தும் பிள்ளைக்கு மட்டுமே விடை கிடைக்கும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நானே பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். மெல்லக் கற்கும் பிள்ளைகள் தேர்ச்சி இழப்பார்கள் என்பது முதலாவது. ஆறு மதிப்பெண்ணில் மட்டும் கை வைக்கும்படி கேட்பதற்கு அதுவே காரணம். ஒழுங்குபடுத்துதல், நிறுத்தற்குறி ஆகிய இரண்டையும் இப்போது இருக்கும் எளிமையிலேயே பத்தியின் வாக்கியங்களிலிருந்து எடுத்துவிட்டால், அந்தப் பிள்ளைகள் இப்போது வாங்கும் நான்கு மதிப்பெண் எங்கும் போகாது. விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருந்தால் ஒரே விடைக்குறிப்பை வைத்து எப்படித் திருத்துவது என்பது இரண்டாவது. முகாமில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இத்தனை கட்டு என்று திருத்தியவள் என்ற முறையில் இந்தக் கவலையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் மேலே நான் காட்டிய வினாக்களுக்கு விடை ஒரு நாளின் பெயர், ஒரு 'ஆம்' அல்லது 'இல்லை', அல்லது ஒற்றை வரி. கடிதத்தையும் படத்தைப் பற்றிய ஐந்து வாக்கியங்களையும் திருத்துவதைவிட இது எளிது.

மூன்றாவது மறுப்பு, பாடநூல் மாறாமல் வினாத்தாளை மட்டும் மாற்றுவது முறையா என்பது. முறைப்படி அது தலைகீழ்தான். ஆனால் பத்தாம் வகுப்பில் எதைக் கற்பிப்பது என்பதைப் பாடநூல் தீர்மானிப்பதில்லை, எந்த வினா எதிலிருந்து, எத்தனை மதிப்பெண்ணுக்கு என்று வகுக்கும் வினாத்தாளின் புளூபிரிண்ட் தீர்மானிக்கிறது என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 23ஆம் வினாவுக்கு முன் ஒரு பத்தி வரப்போகிறது என்ற சுற்றறிக்கை ஜூன் மாதம் பள்ளிகளுக்கு வந்தால், ஜூலைக்குள் ஒவ்வொரு வழிகாட்டி நூலிலும் ஆறு வரிப் பத்திகள் வந்துவிடும், ஆகஸ்டுக்குள் ஆசிரியர்கள் அவற்றை வகுப்பில் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களில் சிலர் அவற்றுக்கும் ஒரு வாய்ப்பாடு கண்டுபிடிப்பார்கள் என்பதையும் மறுக்க மாட்டேன். நானாக இருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

47ஆம் வினாவைப் பொறுத்தவரை ஒரு சிறு வேண்டுகோள் மட்டும். அதில் வரும் நான்கு கேள்விகளில் இரண்டை இப்போது இருப்பது போலவே, வரியைத் தேடி எடுத்து எழுதும் பிள்ளைக்காக விட்டுவையுங்கள். ஒன்றையாவது, பத்தியில் உள்ள சொற்கள் கேள்வியில் இடம்பெறாதபடி வேறு சொற்களால் கேளுங்கள்.

இப்படிப்பட்ட ஆறு வரிப் பத்திகள் பன்னிரண்டை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வினாக்களும் விடைக்குறிப்பும் சேர்த்து, திண்ணைப் பிள்ளைகளிடம் சோதித்து, அவர்கள் செய்த பிழைகளையும் ஓரத்தில் குறித்து நாற்பது பக்க நோட்டு ஒன்றில் வைத்திருக்கிறேன். நான்காம் பத்தியின் மூன்றாம் வினா சரியாக அமையவில்லை. அதற்கு இரண்டு விடைகள் பொருந்துவதாக ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நிறுவிவிட்டான், அதை மட்டும் திருத்த வேண்டும். தாங்கள் கேட்டால் நகலெடுத்து அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி